கடலிலிருந்து ஏறிய காவிரி: ஓர் அனிமேஷனைச் சரிசெய்த பதிவு

நேற்று நாலாவது பீரியடில் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் என் பவர்பாயிண்ட் ஸ்லைடில் காவிரி ஒழுங்காக ஓடிவிட்டது. மேட்டூரில் கிளம்பி, பவானியில் திரும்பி, முக்கொம்பைத் தாண்டி, கல்லணையில் மூன்றாகப் பிரிந்தது. வெண்ணாறு தென்பெரம்பூரிலும் நீடாமங்கலத்திலும் கிளைவிட்டுக் கடலுக்குப் போய்ச் சேர்ந்தது. மொத்தம் 26 வினாடி. இந்த 26 வினாடிக்காக எனக்குப் பன்னிரண்டு நாள் மாலை நேரம் போயிருக்கிறது. எங்கெங்கே தடுக்கியது, எதை மாற்றியதும் சரியானது என்று வரிசையாக எழுதிவைக்கிறேன். வகுப்புக்கு ஸ்லைடு செய்கிற யாருக்காவது ஒரு மாலைப்பொழுது மிச்சமானாலும் போதும்.

வீட்டு லேப்டாப்பில் பவர்பாயிண்ட் 365 இருக்கிறது. பள்ளியில் உள்ளது பழைய லேப்டாப். 4 ஜிபி ரேம், பவர்பாயிண்ட் 2013. ப்ரொஜெக்டரில் விஜிஏ மட்டும்தான், லேப்டாப்பில் எச்டிஎம்ஐ மட்டும்தான். மன்னார்குடியில் 350 ரூபாய்க்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். டவுன் பஸ்ஸில் போய்வந்ததால் பஸ் செலவு இல்லை. கையை விட்டுப் போன பணம் அந்த 350 ரூபாய் மட்டும்தான்.

வரைபடத்துக்கு வேறொரு பள்ளித் தோழி வாட்ஸப்பில் அனுப்பிய பழைய ஃபைலை எடுத்துக்கொண்டேன். அதில் இருந்த ஸ்லைடுகளை எல்லாம் நீக்கிவிட்டு டெல்டா வரைபடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, அதன்மேல் ஃப்ரீஃபார்ம் கோட்டால் ஆறுகளை வரைந்தேன். காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம், குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, வடவாறு, கோரையாறு, பாமணியாறு எனப் பத்துக் கோடு. ஒவ்வொன்றுக்கும் 'வைப்' அனிமேஷன். கோடு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நீண்டுகொண்டே போகும், பார்க்கத் தண்ணீர் ஓடுவது போலவே இருக்கும். அனிமேஷன்களை வரிசையாகக் காட்டும் பட்டியலான அனிமேஷன் பேனில் 'ப்ளே' அழுத்திப் பார்த்தேன், ஓடியது. சரி, முடிந்தது என்று நினைத்துப் பென் டிரைவில் போட்டுக்கொண்டேன்.

மறுநாள் பள்ளியில் ஸ்லைடு ஷோவை ஓட்ட எஃப்5 அழுத்தினால் பத்து ஆறும் ஏற்கெனவே நிரம்பி நிற்கின்றன. க்ளிக் செய்தால் ஸ்லைடே மாறிவிடுகிறது. அனிமேஷன் என்று ஒன்று இருந்த சுவடே இல்லை.

இந்த இடத்தில்தான் பெரிய தவறு செய்தேன். பள்ளி லேப்டாப் பழசு, அதுதான் காரணம் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, எல்லா அனிமேஷனையும் அழித்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து மறுபடி போட்டேன். இரண்டு மாலை போனது. அப்போதும் ஓடவில்லை. மூன்றாம் நாள்தான் செய்ய வேண்டியதைச் செய்தேன். புது ஃபைல் ஒன்று திறந்து, ஒரே ஒரு கட்டம் வரைந்து, ஒரே ஒரு 'ஃப்ளை இன்' போட்டு எஃப்5 அழுத்தினேன். கட்டம் பறந்து வந்தது. அப்படியானால் லேப்டாப் மேல் குற்றமில்லை. அடுத்து என் ஸ்லைடை அந்தப் புது ஃபைலுக்குள் ஒட்டினேன். ஆறுகள் ஓடின. அப்படியானால் ஸ்லைடு மேலும் குற்றமில்லை. மிச்சம் இருப்பது அந்தப் பழைய ஃபைல்தான்.

ஸ்லைடு ஷோ தாவலில் 'செட் அப் ஸ்லைடு ஷோ' என்று ஒன்று உண்டு. அதைத் திறந்தால் நடுவில் 'ஷோ வித்தவுட் அனிமேஷன்' என்று ஒரு சிறு கட்டம். அதில் டிக் இருந்தது. எப்போதோ யாரோ அவசரத்துக்கு அனிமேஷன் வேண்டாம் என்று போட்ட டிக். இது லேப்டாப்பின் அமைப்பு அல்ல, ஃபைலோடு சேர்ந்து பயணம் போகிற அமைப்பு. ஸ்லைடுகளை எல்லாம் நீக்கினாலும் இது போகாது. பேனில் உள்ள 'ப்ளே' இந்த டிக்கைக் கண்டுகொள்வதில்லை, எஃப்5 மட்டும்தான் மதிக்கும். வீட்டில் நான் ஒரு தடவைகூட எஃப்5 அழுத்திப் பார்க்கவில்லை. அழுத்தியிருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். இப்போது எந்த ஃபைல் கைக்கு வந்தாலும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் திறந்து பார்க்கிறேன்.

டிக்கை எடுத்துவிட்டு உற்சாகமாக எஃப்5 அழுத்தினேன். மதிய இடைவேளை, நாலைந்து பிள்ளைகள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பத்து ஆறும் ஒரே நேரத்தில், தெற்கிலிருந்து வடக்கே ஏறி வந்தன. ஒரு பெண்பிள்ளை பதறிப்போய், "டீச்சர், கடல் தண்ணி உள்ள வருது!" என்றாள். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது வெறும் வேடிக்கை இல்லை. கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பாகிப் போனதைப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்கிறவர்கள்.

காரணம், அவசரத்தில் மறுபடி போட்டபோது பத்துக் கோட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தடவையில் 'வைப்' கொடுத்திருந்தேன். அப்படிக் கொடுத்தால் முதல் கோடு மட்டும் 'ஆன் க்ளிக்' (க்ளிக் செய்ததும் கிளம்புவது) ஆகும், மற்ற ஒன்பதும் 'வித் ப்ரீவியஸ்' (முந்தையதோடு சேர்ந்தே கிளம்புவது) ஆகிவிடும். திசையும் 'ஃப்ரம் பாட்டம்', அதாவது கீழிருந்து மேலே என்றுதான் தானாக வரும். கோரையாறும் பாமணியாறும் தெற்கே கடலைப் பார்த்துப் போகிற ஆறுகள், அதனால் அவை கடலிலிருந்து புறப்பட்டு ஊருக்குள் ஏறின. காவிரியின் கதி இன்னும் விசித்திரம். வரைபடத்தில் காவிரியின் தாழ்ந்த இடம் திருச்சி, கல்லணைப் பக்கம்தான். அங்கிருந்து பூம்புகாருக்குப் போகும்போது கோடு கொஞ்சம் வடக்கே ஏறுகிறது. அதனால் என் ஸ்லைடில் காவிரி கல்லணை அருகே பிறந்து, ஒரு கை பூம்புகாருக்கும் ஒரு கை மேட்டூருக்குமாக நீண்டது.

'எஃபெக்ட் ஆப்ஷன்ஸ்' போய் ஒவ்வொரு ஆற்றுக்கும் திசை மாற்றினேன். கிழக்கே போகும் ஆற்றுக்கு 'ஃப்ரம் லெஃப்ட்', தெற்கே இறங்கும் கல்லணைக் கால்வாய், கோரையாறு, பாமணியாறு மூன்றுக்கும் 'ஃப்ரம் டாப்'. காவிரிக்கு மட்டும் எதுவும் ஒத்துவரவில்லை. மேட்டூரிலிருந்து பவானி வரை காவிரி தெற்கே, சற்று மேற்கே சாய்ந்துகூட இறங்குகிறது. அதன் பிறகுதான் கிழக்கே திரும்புகிறது. இடமிருந்து வலம் என்று வைத்தால் பவானியில் ஊற்றெடுத்து மேட்டூருக்கும் திருச்சிக்கும் ஒரே சமயத்தில் போகிறது. ஒரு வளைவுக்குள் இரண்டு திசை இருந்தால் ஒரே வைப்பில் அது அடங்காது. கோட்டை வெட்டத்தான் வேண்டும். மேட்டூர் முதல் பவானி வரை ஒரு துண்டு, மேலிருந்து கீழே. பவானி முதல் கல்லணை வரை ஒரு துண்டு, இடமிருந்து வலமாக. கல்லணை முதல் பூம்புகார் வரை மூன்றாவது. ஆக மொத்தம் பன்னிரண்டு கோடு. துண்டுகள் சேரும் இடத்தில் இடைவெளி தெரியாமல் இருக்க, கோட்டு முனையை 'ரவுண்ட்' என்று மாற்றி ஒன்றன்மேல் ஒன்று ஒரு மில்லிமீட்டர் ஏறும்படி வைத்தேன்.

பேனில் எல்லாம் 'ஃப்ரீஃபார்ம் 23', 'ஃப்ரீஃபார்ம் 31' என்றுதான் பெயர் காட்டும். எது கோரையாறு, எது வெட்டாறு என்று ஒவ்வொரு தடவையும் தேட வேண்டியிருந்தது. ஆல்ட்டும் எஃப்10உம் சேர்த்து அழுத்தினால் 'செலக்‌ஷன் பேன்' வரும். அதில் ஒவ்வொரு பெயர் மேலும் இரண்டு தடவை க்ளிக் செய்து தமிழிலேயே பெயர் வைக்கலாம். காவிரி 1, காவிரி 2, வெண்ணாறு என்று வைத்தேன், அனிமேஷன் பேனிலும் அதே பெயர் வந்துவிட்டது. இதை முதல் நாளே செய்யாமல் விட்டதால் எத்தனை மணி நேரம் போனது என்று கணக்கே இல்லை.

அடுத்த சிக்கல், எது எப்போது கிளம்ப வேண்டும் என்பது. எனக்கு மிகவும் பிடித்துப்போன பகுதி இதுதான்.

முதலில் எல்லாக் கிளைகளுக்கும் 'ஆஃப்டர் ப்ரீவியஸ்' கொடுத்தேன். வெண்ணாறு கடலைத் தொட்டு முடித்த பிறகுதான் நீடாமங்கலத்தில் கோரையாறு கிளம்பியது. எங்கள் ஊர் மூணாறு தலைப்பில் (ஆறு பிரியும் மதகில்) நின்று பார்த்த யாரும் இதை ஏற்க மாட்டார்கள். வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு மூன்றும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் இறங்குவது கண்முன் தெரியும். வெண்ணாறு ஓடிக்கொண்டிருக்கும்போதே, சரியாக நீடாமங்கலத்தைத் தொடுகிற நேரத்தில் கிளைகள் கிளம்ப வேண்டும். அதற்கு 'வித் ப்ரீவியஸ்' கொடுத்து, 'டிலே'யில் நேரம் குறிக்க வேண்டும்.

எவ்வளவு டிலே? முதலில் கண்ணால் பார்த்துப் பார்த்து 2, 2.5, 3.5 என்று மாற்றிக்கொண்டிருந்தேன். அப்புறம் ஸ்கேல் கணக்குதான் கைகொடுத்தது. வைப் ஒரே வேகத்தில் நகர்கிறது. அதனால் ஸ்லைடில் வெண்ணாற்றுக் கோட்டின் அகலத்தைப் பார்த்தேன், 12 சென்டிமீட்டர். இடப்பக்க முனையிலிருந்து தென்பெரம்பூர் 3 சென்டிமீட்டர், நீடாமங்கலம் 7.2 சென்டிமீட்டர். அதாவது கால் பங்கு, அறுபது சதவீதம். வெண்ணாற்றுக்கு 5 வினாடி கொடுத்திருந்தேன். ஆக வெட்டாறுக்கும் வடவாறுக்கும் டிலே 1.25, கோரையாறுக்கும் பாமணியாறுக்கும் 3. அளந்து போட்ட முதல் தடவையே கிளைகள் சரியாகப் பொருந்தின. கோட்டின் வளைவைப் பிடித்துப்போகும் நீளத்தை அளக்கக் கூடாது, இடமிருந்து வலமாக நேர் அகலத்தைத்தான் அளக்க வேண்டும். நான் முதலில் நூலை வைத்து வளைவை அளந்து ஏமாந்தேன்.

பேனில் ஒரு வரியை மேலே கீழே இழுக்கும்போதும் கவனம் வேண்டும். 'வித் ப்ரீவியஸ்' என்பது தனக்கு மேலே இருப்பதோடு ஒட்டிக்கொள்ளும். குடமுருட்டியைத் தவறி இரண்டு இடம் மேலே இழுத்துவிட்டேன். கல்லணைக்குத் தண்ணீர் வருவதற்கு முன்னாலேயே திருக்காட்டுப்பள்ளியில் குடமுருட்டி பாய்ந்தது.

ஏழாம் நாள் எல்லாம் கிட்டத்தட்ட முடிந்திருந்த நேரத்தில், ப்ரொஜெக்டருக்கு ஏற்றபடி ஸ்லைடை 4:3 அளவுக்கு மாற்ற வேண்டியிருந்தது. ஆறுகள் எல்லாம் ஒன்றாகச் சுருங்கட்டும் என்று பன்னிரண்டையும் 'க்ரூப்' செய்தேன். சுருக்கினேன், சேவ் செய்தேன், மூடினேன். மறுநாள் திறந்தால் அனிமேஷன் பேன் காலி. க்ரூப் செய்த நொடியில் உள்ளே இருந்த தனித்தனி அனிமேஷன் எல்லாம் போய்விடும். அன்க்ரூப் செய்தாலும் திரும்பி வராது. மூடாமல் இருந்திருந்தால் கன்ட்ரோல் இசட் காப்பாற்றியிருக்கும். மனம் ரொம்பவே சோர்ந்த மாலை அது. நல்லவேளையாக டிலே கணக்கை நோட்டில் எழுதிவைத்திருந்தேன், ஒன்றரை மணி நேரத்தில் மறுபடி போட முடிந்தது. 'அனிமேஷன் பெயிண்டர்' பொத்தானை இரண்டு தடவை க்ளிக் செய்தால் ஒரு கோட்டின் அமைப்பை அடுத்தடுத்து எத்தனை கோட்டுக்கு வேண்டுமானாலும் பூசலாம், எஸ்கேப் அழுத்தும்வரை. அதுவும் உதவியது. அன்றிலிருந்து எந்தப் பெரிய மாற்றத்துக்கும் முன்னால் கன்ட்ரோல் டி அழுத்தி ஸ்லைடை ஒரு நகல் எடுத்து 'ஹைடு' செய்துவைக்கிறேன்.

திக்கித்திக்கி ஓடியது அடுத்தது. வீட்டில் வழுக்கிக்கொண்டு போன தண்ணீர், பள்ளியில் நின்று நின்று குதித்தது. ஆப்ஷன்ஸ், அட்வான்ஸ்டு, டிஸ்ப்ளே போய் 'டிசேபிள் ஹார்டுவேர் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷன்' டிக் போட்டுப் பார்த்தேன். சில லேப்டாப்பில் இதுவே மருந்து. எங்களுடையதில் இன்னும் மோசமானது, எடுத்துவிட்டேன். உண்மையான காரணங்கள் இரண்டு. ஆறு பளபளவென்று தெரிய ஒவ்வொரு கோட்டுக்கும் 'க்ளோ' கொடுத்திருந்தேன். அந்த ஒளிவட்டத்தைப் பழைய லேப்டாப் ஒவ்வொரு நகர்விலும் புதிதாகத் தீட்ட வேண்டியிருக்கிறது. அதை நீக்கி, வெறும் 4.5 பாயிண்ட் நீலக் கோடாக்கினேன். அடுத்தது ஃபோனில் எடுத்த படங்கள். கல்லணை, முக்கொம்பு, மூணாறு தலைப்பு என்று ஒன்பது படத்தையும் அப்படியே போட்டிருந்ததால் ஃபைல் 86 மெகாபைட் இருந்தது. 'கம்ப்ரஸ் பிக்சர்ஸ்' போய் 150 பிபிஐ கொடுத்தேன். அதில் 'அப்ளை ஒன்லி டு திஸ் பிக்சர்' என்ற டிக்கை எடுத்தால்தான் எல்லாப் படமும் சுருங்கும். ஃபைல் 7 மெகாபைட்டுக்கு இறங்கியது, தண்ணீரும் சீராக ஓடியது.

ஸ்லைடில் உள்ள ஆற்றுப் பெயர்களின் எழுத்தையும் சொல்ல வேண்டும். பல வருடமாகப் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் தட்டச்சு செய்து பழகிய கை என்னுடையது. ஆற்றுப் பெயர்கள் எழுத்தெழுத்தாக வரட்டும் என்று 'பை லெட்டர்' கொடுத்திருந்தேன். 'கொள்ளிடம்' வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். முதலில் கொம்பு மட்டும் தனியாக வந்து நின்றது. பிறகு க. பிறகு கால். பிறகு ள வந்து, அதன் தலைமேல் புள்ளி தனியாக வந்து உட்கார்ந்தது. பாமினியில் கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி விசை என்பதால் மென்பொருளுக்கு அவை தனித்தனி எழுத்து. படிக்கத் தடுமாறும் ஒரு பிள்ளை அதைப் பார்த்தால் என்ன நினைப்பான்? அன்றைக்கே எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றி, நிர்மலா எழுத்துருவில் வைத்து, சொல் முழுதாக ஒரே தடவையில் வரும்படி செய்தேன். தமிழ் எழுத்தை உடைத்துக் காட்டுகிற எந்த அலங்காரமும் வகுப்பறைக்கு வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சின்னச் சின்னதாக இரண்டு. மூன்றாம் ஸ்லைடு தானாகவே அடுத்ததற்கு ஓடியது. ட்ரான்சிஷன்ஸ் தாவலில் 'ஆஃப்டர் 00:05' டிக் இருந்தது, எடுத்துவிட்டு 'அப்ளை டு ஆல்' கொடுத்தேன். தமிழ்நாட்டு வரைபடத்திலிருந்து டெல்டாவுக்கு நெருங்கிப் போக வீட்டில் 'மார்ஃப்' போட்டிருந்தேன். 2013இல் அது சாதாரண 'ஃபேட்' ஆகத்தான் ஓடும். விட்டுவிட்டேன்.

பத்தாம் நாள், எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற லஸ்கர் ஐயாவை வீட்டுக்கு அழைத்து ஓட்டிக் காட்டினேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆற்று மதகுகளின் ஷட்டர் ஏற்றி இறக்கியவர். ஒரு தடவை பார்த்தார், இன்னொரு தடவை போடச் சொன்னார்.

"எல்லாம் சரிதாம்மா. ஆனா கொள்ளிடத்துல ஏன் தண்ணி விட்டீங்க?"

"கல்லணையில நாலா பிரியுதுன்னுதானே ஐயா பாடம்?"

"பிரியும். ஆனா பாசனத்துக்குத் தொறக்கையில காவேரி, வெண்ணாறு, புது ஆறுதான். கொள்ளிடம் வெள்ளம் வடியத்தாம்மா. மிச்சத் தண்ணி வந்தா முக்கொம்புலயே அந்தப் பக்கம் தள்ளிடுவோம். அப்புறம், கல்லணையிலேருந்து கடைமடைக்கு அஞ்சு செகண்டுல கொண்டு போயிட்டீங்களே. பத்து நாளாவது ஆவும்மா."

கல்லணைக் கால்வாயைத்தான் அவர் புது ஆறு என்கிறார், எங்கள் பக்கம் எல்லோருக்கும் அதுதான் பெயர். அவர் சொன்ன இரண்டையும் மாற்றினேன். மேட்டூரில் வழக்கப்படி ஜூன் 12 திறந்தால் 15, 16 தேதிவாக்கில் கல்லணை திறப்பார்கள். அந்த மூன்று நாளுக்கு 6 வினாடி வைத்திருந்தேன், நாளுக்கு 2 வினாடி. அதே கணக்கில் பத்து நாளுக்கு 20 வினாடி. வெண்ணாறு 20 என்றால் தென்பெரம்பூர் டிலே 5, நீடாமங்கலம் 12. வெட்டாறுக்கு ஓட்டம் 15 வினாடி, கோரையாறுக்கு 8. எல்லாம் ஒரே நேரத்தில் முடியும். பங்காகக் கணக்குப் போட்டிருந்ததால் மாற்ற பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

கொள்ளிடத்தை வரிசையிலிருந்து எடுத்து 'ட்ரிக்கர்' கொடுத்தேன். முக்கொம்புப் புள்ளியைத் தொட்டால் மட்டும், செம்மண் நிறத்தில் வெள்ளம் ஓடும். புள்ளி சிறியது, மவுஸ் தவறினால் ஸ்லைடு மாறிவிடுகிறது. அதன்மேல் பெரிய வட்டம் ஒன்று வரைந்து 'நோ ஃபில்' கொடுத்தேன், வேலை செய்யவில்லை. நிறமே இல்லாத வட்டத்தில் விளிம்பு மட்டும்தான் க்ளிக்கை வாங்கும். நிறம் கொடுத்து 'ட்ரான்ஸ்பரன்சி' 100 வைத்தால் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் முழு வட்டமும் க்ளிக்கை வாங்கும். ட்ரான்சிஷன்ஸில் 'ஆன் மவுஸ் க்ளிக்' டிக்கையும் எடுத்துவிட்டு, அடுத்த ஸ்லைடுக்கு அம்புக்குறி விசையை வைத்துக்கொண்டேன்.

நேற்று ஓட்டியபோது, கல்லணைக்குப் பிறகு வரும் அந்த 20 வினாடி எனக்கே நீளமாகத்தான் தோன்றியது. பிள்ளைகள் அசையவில்லை. "இன்னும் வரலையா டீச்சர்?", "நம்ம ஊருக்கு வந்துருச்சு!", "பாமணிக்கு வந்துருச்சு, மன்னார்குடிக்கு வந்துருச்சு" என்று கோட்டோடு சேர்ந்து கண்ணும் போயிற்று. முடிந்ததும் கடைசி பெஞ்சில் ஒரு பையன் எழுந்து, "எங்க மாமா ஊரு திருத்துறைப்பூண்டி. அங்க முள்ளியாறுதான் டீச்சர். அதைக் காணோமே?" என்றான்.

நான் வரையவில்லை. லஸ்கர் ஐயா சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். முள்ளியாற்றின் தலைப்பு எங்கே என்று அவர் வரைபடத்தில் விரல் வைத்துக் காட்டினால், ஸ்கேலை வைத்து அளந்து டிலே கண்டுபிடிக்க வேண்டும். ஸ்லைடை நகல் எடுத்து ஹைடு செய்துவைத்துவிட்டேன்.